சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த பெயர்

புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் உங்கள் நான்கு பேரையும் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். நான்கு பேரிடமும் சிவப்புப் பேனா இருந்தது. ஒருவர் மை தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வகுப்பு எப்படி எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அது எனக்குத் தெரியாது. மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தாராவிச் சங்கத்து மாடியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலை வகுப்பு பத்தொன்பது வருடம் எடுத்தேன். எப்படி எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

பாஸிவ் வாய்ஸ் பாடம் வந்தால் ஆசிரியர்களுக்கு முகம் வாடும். எனக்கு அதுதான் பிடித்த பாடம். பாடப்புத்தகத்தில் கடிதம் என்னால் எழுதப்பட்டது, மாம்பழம் அவனால் தின்னப்பட்டது என்றுதான் இருக்கும். முதல் சில வருடம் அதையே நடத்தினேன். பின்னால் வந்த ஒரு வருடத்தில் இசக்கி என்று ஒருவர் சேர்ந்தார். பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுகிறவர், முப்பது வயது, வாய் சும்மா இருக்காது. "சார், லெட்டரு இப்ப யாரு எழுதுதா? மாம்பழம் விக்கிற வெலைக்கு அதையும் யாரும் திங்கல" என்றார். நியாயம்தானே. புத்தகத்தை மூடிவிட்டு, இனிமேல் தெருவில் காதில் விழுகிற ஆங்கிலத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பாதி வகுப்பு தாமதமாக வந்தது. தண்டவாள வேலை, பாதி ரயில்கள் இல்லை. வந்தவர்கள் ஸ்டேஷன் அறிவிப்பையே பாடமாகக் கொண்டுவந்தார்கள். ரயில்கள் ரத்து செய்யப்பட்டிருக்கின்றன, பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன்.

இசக்கி கை தூக்கினார். "வருத்தப்படுதது யாரு சார்?"

"ரயில்வே."

"அப்ப ரயில்வே வருத்தப்படுதுன்னே சொல்லலாம்லா?"

"அப்படிச் சொன்னா நெஜமாவே யாராவது ஒருத்தர் வருத்தப்பட வேண்டியிருக்குமே" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கும் நான் பெரிய நகைச்சுவைக்காரன் என்று நினைப்பு. பேசியவனையே அந்தப் பேச்சு தேடிவரும் என்று அப்போது தெரியவில்லை.

அந்தப் பாடம் நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதை நான் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன். எந்த வீட்டிலாவது "கண்ணாடித் தம்ளரை நான் உடைச்சேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "உடைஞ்சிருச்சு" என்பார்கள். பால் பொங்கிருச்சு, சாவி தொலைஞ்சிருச்சு. அந்த வருடம் நம் ஹாலில் கிழக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து கிடந்தது. யார் வேலை இது என்று கேட்டேன். இருபது பேர் ஒரே குரலில் "உடைஞ்சிருச்சு சார்" என்றார்கள். கல் யாரோ எறிந்ததாகவே படவில்லை, கண்ணாடியே மனம் வெறுத்து உடைந்துகொண்டதுபோல இருந்தது. அட்டை வைத்து அடைத்தோம்.

எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அது வந்த இடம் வேறு. பள்ளிக்கு வருவதற்கு முன் இதே ஊரில் கோட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் இரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு முறை முக்கியமான கோப்பு ஒன்று தவறான மேஜைக்குப் போய்விட்டது. நடந்ததை நடந்தபடியே, இன்னார் இன்னாரிடம் கொடுத்தார் என்று எழுதிக்கொண்டுபோனேன். என் மேலதிகாரி வாசித்துவிட்டு, பேனாவை எடுத்து எல்லாப் பெயர்களையும் வரிசையாக அடித்தார். "ஃபைல்ல பேர் ஏறினா, இறக்கறதுக்கு ஆள் கிடையாது" என்றார். கோப்பு அனுப்பப்பட்டது, பின்னர் திரும்பப் பெறப்பட்டது, அவ்வளவுதான். யாருக்கும் வேலை போகவில்லை. எனக்கு அன்று அவர் கடவுளாகத் தெரிந்தார். அந்தப் பாடத்தை முப்பது வருடம் கழித்தும் என் கை மறக்கவில்லை.

இனி செல்லத்தாய்.

நாற்பத்திரண்டு வயதில் வகுப்புக்கு வந்தார். செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் மாவ்ஷி வேலை. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, மலச்சட்டி எடுக்கிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் அந்த வேலை செய்தவரை வார்டு இன்சார்ஜ் ஆக்கிப் பார்க்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மூன்று மாதம் சோதனை. தினமும் ரிப்போர்ட் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தேறினால் மற்ற மாவ்ஷிகளுக்கெல்லாம் பொறுப்பு, உட்கார ஒரு நாற்காலி, மேஜையில் ஒரு பேனா. தேறாவிட்டால் பழைய வேலையும் நிச்சயமில்லை. அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

பாஸிவ் வாய்ஸை அவர் கற்ற வேகம் எனக்கே ஆச்சரியம். காயம் துடைக்கப்பட்டது, மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி மாற்றப்பட்டார், எல்லாம் கடகடவென்று வரும். ஒரே ஒரு குறை. யாரால் என்பதை எழுதவே மாட்டார். 'யாரால்' என்பதற்கு ஆங்கிலத்தில் வருகிற 'பை' போட்டு ஆள் பெயர் எழுதச் சொன்னால் மற்றவர்கள் எழுதுவார்கள், இவர் நோட்டில் மட்டும் எல்லாக் காரியமும் ஆளில்லாமல் நடக்கும். நான் வட்டம் போட்டு வட்டம் போட்டு அலுத்துப்போய் ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

"பெரியவங்க பேரை எப்படி சார் எழுத? டாக்டர் பேரு, சிஸ்டர் பேரெல்லாம் நான் எழுதுனா, மூஞ்சிக்கு நேர கைய நீட்டுன மாதிரி இருக்கு."

"பேருதானே?"

"எங்க வீட்டுக்காரவுக பேரையே வாயால சொல்ல மாட்டேன். பின்ன டாக்டர் பேரை எழுதுவனா?"

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ரிப்போர்ட்டுக்குப் பெயர் வேண்டாம்தான், நல்லதாப் போச்சு என்று விட்டுவிட்டேன். ஒரு பெண் பதினோரு வருடமாக ஒரு கட்டடத்தில் யார் பெயரையும் சொல்லாமல் வேலை பார்த்திருக்கிறார் என்பதை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். தோண்டவில்லை.

சோதனைக் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, பதினொன்றே முக்கால் மணி. நான் பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் இருந்தேன். அடுத்த வகுப்புக்கு எட்டு நிமிடம். மேஜையில் அறுபது விடைத்தாள். கையில் திறந்த சிவப்புப் பேனா. போன் அடித்தது, செல்லத்தாய்.

"சார், வார்டுல ஒரு பெரியவரு கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரு. கையி முறிஞ்சிருச்சு. பன்னெண்டு மணிக்குள்ள ரிப்போர்ட்டு கேக்காவ. எழுதிட்டேன். போட்டோ அனுப்புதேன், சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

வாட்ஸப்பில் படம் வந்தது. கோடு போட்ட தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி. சிஸ்டர் ஊசி போடுவதற்காகக் கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினார். அடுத்த அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறியது, சிஸ்டர் அங்கே ஓடினார். நான் ஆறாம் நம்பர் கட்டிலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பெரியவர் தானாக எழுந்தார், விழுந்தார். சிஸ்டர் என்று மட்டும் எழுதவில்லை, அவருடைய முழுப் பெயரும் இருந்தது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பலரால் எழுத முடியாத நான்கு வரி. ஒரு பிழை இல்லை. ஆனால் எனக்கு அது கண்ணில் படவேயில்லை. மூன்று மாதம் கழுதையாகக் கத்தியும் 'இன்னார் செய்தார்' என்கிற முதல் பாடத்துக்கே போய்விட்டாரே என்று எரிச்சல்தான் வந்தது. ரிப்போர்ட்டில் பெயரா? அதில் 'நான்' வேறா? படத்தின் மேலேயே விரலால் சிவப்புக் கோடு இழுத்தேன். சிஸ்டர் பெயரை அடித்தேன். 'நான் ஆறாம் நம்பர் கட்டிலில்' என்ற வரியை முழுக்க அடித்தேன். மேலே திருத்தி எழுதினேன்: தி சைட் ரெயில் வாஸ் லோயர்ட். தி பேஷண்ட் வாஸ் ஃபவுண்ட் ஆன் தி ஃப்ளோர். நடுவில், கவனம் மற்ற நோயாளிகளுக்கு அளிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியைப் பார்த்து எனக்கே பெருமை. இப்படி ஃபேர் காப்பி எழுதிக் கொடுங்க என்று அனுப்பிவிட்டு மணியடித்ததும் வகுப்புக்குப் போனேன்.

கை கூப்பின படம் ஒன்றும் 'ஓகே சார்' என்றும் பதில் வந்திருந்தது. எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். யார் பேரையும் எழுதாத நீங்க இந்தப் பேரை ஏன் எழுதினீங்க?

ஞாயிறன்று செல்லத்தாய் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கமாக முதல் பெஞ்ச். நோட்டைத் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு ஒரு கவரை நீட்டினார். நிர்வாகத்தின் கடிதம். ரிப்போர்ட்டில் கம்பியை இறக்கியது யார் என்று இல்லை. வார்டு பொறுப்பாளர் அந்த நேரம் எங்கிருந்தார் என்றும் இல்லை. கையெழுத்து உங்களுடையது. ஆகவே கவனக்குறைவுக்கு உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நேரில் விளக்க வேண்டும்.

இரண்டு தடவை வாசித்தேன். அவர் எங்கே இருந்தார் என்று அவரே எழுதியிருந்தார். அடித்தது நான்.

"இதுக்கு ஏன் கவலை? உங்க மொதல் தாள் போட்டோ என் போன்ல இருக்கே. சிஸ்டர் பேரு இருக்கு, நீங்க ஆறாம் நம்பர்ல இருந்தது இருக்கு. இப்பவே மேனேஜருக்கு அனுப்பறேன்" என்றேன்.

"வேண்டாம் சார்."

இசக்கி போகாமல் வாசலில் நின்றிருந்தார். "அனுப்பிருங்க சார். இல்லேன்னா பெரிய லஃப்டா, வம்பாயிரும். அந்தம்மா வேல போயிரும்" என்றார்.

"நீரு சும்மா இரும்" என்றார் செல்லத்தாய். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அந்தச் சிஸ்டர் அக்கா எங்க ஊருப் பக்கம் சார். வீட்டுக்காரவுகளுக்குப் பட்டறை மூடி, அடுப்பு எரியாத நாள்ல என்னைய கூட்டிட்டுப் போயி அங்க சேத்துவிட்டதே அவுகதான். சேத்துவிட்டவுகளையே காட்டிக்குடுத்தாள்னு வந்தா, நாளைக்கு எங்க சனத்துல ஒரு பிள்ளைய எவளாச்சும் எங்கியாச்சும் சேத்துவிடுவாளா?"

தாராவியில் கொஞ்ச நாள் பழகினால் உங்களுக்கும் தெரிந்துவிடும். இங்கே புதிதாக வேலைக்குப் போகிறவரிடம் என்ன வேலை, எவ்வளவு நேரம் என்றெல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள். யார் சேர்த்துவிட்டது என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஒரு ஆள் மேல் மட்டும் கை நீளக் கூடாது. எழுதாத சட்டம், எழுதின சட்டத்தைவிட நன்றாக நடக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்று நாள் கழித்துக் கேட்டேன். "அப்படின்னா மொதல்ல அவங்க பேரை ஏன் எழுதினீங்க?"

செல்லத்தாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. குற்றம் சொல்கிற பார்வை இல்லை. இதுகூடத் தெரியாதா என்பதுபோல இருந்தது.

"நானா எங்க எழுதுனேன்? அக்காதான் பக்கத்துல நின்னு சொன்னாவ. 'நான் எறக்கிட்டு மறந்து போயிட்டேன் செல்லத்தாயி, எம் பேரைப் போட்டே எழுது. நீ ஆறாம் நம்பர்ல நின்னதையும் எழுது'ன்னாவ. பேரை எழுதுனது சரிதானான்னு பயந்துட்டேன். அதான் ஒங்களுக்கு அனுப்புனேன். நீங்க அடிச்சு அனுப்புனதும், இங்கிலீஷ்ல இதுதாம்போல முறைன்னு நெனச்சு அப்படியே எழுதுனேன்."

"சிஸ்டர் அதைப் பாத்தாங்களா?"

"பாத்தாவ. வாசிச்சாவ. ஒண்ணுஞ் சொல்லல. அதுலேர்ந்து எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காவ."

உண்மையைச் சொல்ல ஒரு மனுஷி தயாராக நின்றிருக்கிறார். அவர் ஒளிந்துகொள்ள நான் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், அதுவும் இலக்கணச் சுத்தமாக. அந்தப் பயத்தில் யாராக இருந்தாலும் உள்ளே போய்த்தான் இருப்பார்கள். நானும் போயிருப்பேன். வெட்கமாக இருந்தது. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். படம் என் போனில் இருக்கிறது. ஒரு விரல் தட்டினால் மேனேஜருக்குப் போய்விடும், செல்லத்தாய் வேலை தப்பும். இசக்கி கண்ணாலேயே அனுப்பு அனுப்பு என்கிறார். ஆனால் அந்தப் பெண்ணின் நான்கு வரியை அவரைக் கேட்காமல் ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. இரண்டாவது தடவையும் அவரைக் கேட்காமல் செய்தால் நான் என்னத்துக்கு ஆசிரியன்? அனுப்பாமல் விட்டாலோ நாளைக்கு அவர் வீட்டில் உட்காரப் போகிறார். அன்று எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அந்தப் பழைய மேலதிகாரி மேல்கூட வந்தது, பாவம்.

"சரி, ஆபீஸ்ல காட்டல. சிஸ்டர்கிட்ட மட்டும் காட்டலாமா?" என்று கேட்டேன்.

என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தார். "காட்டுங்க. ஆனா காட்டிட்டு ஒண்ணுஞ் சொல்லாதிய. புத்திமதி ஒண்ணும் வேண்டாம்."

வாயால் பிழைக்கிறவனிடம் கேட்கிற வரமா இது? சரி என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு அரை நாள் லீவு சொன்னேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து ஏழரைக்கே செம்பூரில் நர்சிங் ஹோம் வாசலுக்குப் போய்விட்டேன். காலை ஷிஃப்ட் எட்டு மணிக்கு. சிஸ்டர் குடையும் டிபன் பையுமாக வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். செல்லத்தாயின் இங்கிலீஷ் சார் என்று சொன்னதும் முகம் மாறியது. போனை நீட்டினேன்.

"இந்தச் சிவப்பு நான் போட்டது. தப்பு என்னுது" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நாக்கைக் கடிக்க வேண்டியிருந்தது.

சிஸ்டர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவர் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் வந்த நர்ஸுகள் குட் மார்னிங் சொல்லிவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நாஞ் சொல்லித்தான் எழுதுனா" என்றார். "அப்புறம் ஃபேர் காப்பியில எம் பேரு இல்லன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா சார்? அப்பாடான்னு இருந்துச்சு. மூணு நாளா அந்த அப்பாடாதான் என்னைய அறுக்குது. முப்பது வருஷ சர்வீஸ் சார், ஒரு மெமோ வாங்குனதில்ல."

நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்போல. சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல்தான் போனார்.

அன்று மத்தியானம் வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அரை நாள் லீவு முடிந்து பள்ளிக்குப் போனேன். ஐந்தாவது பீரியடில் என்ன பாடம் நடத்தினேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். அவர் உள்ளே போய் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால்? படத்தை அனுப்பாமல் விட்டேனே என்று ஒவ்வொரு பத்து நிமிடமும் என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டு மணிக்குச் செல்லத்தாயிடமிருந்து தமிழில் ஒரு வரி வந்தது. "அக்கா சொல்லிட்டாவ சார்."

விவரத்தைப் பிறகு போனில் சொன்னார். பதினொரு மணிக்கு இவரை உள்ளே கூப்பிட்டதும், கூப்பிடாமலே சிஸ்டரும் பின்னால் போயிருக்கிறார். கம்பியை இறக்கினது நான், ஏற்ற மறந்தது நான், இவளை நான்தான் ஆறாம் நம்பருக்கு அனுப்பினேன், ரிப்போர்ட் இப்படி வந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்ததும் நான். இவ்வளவும் நின்றுகொண்டே சொன்னாராம். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம், மூன்று வாரம் வெளிநோயாளிப் பிரிவு. செல்லத்தாய் இன்சார்ஜாகத் தொடரலாம்.

"அதோட முடியல சார்" என்றார். "ரெண்டு பேருமா அந்தப் பெரியவரு மகளப் பாக்கப் போனோம். நாங்கதான்னு சொன்னோம். ஏச்சுன்னா ஏச்சு, இந்தியில அப்படி ஒரு ஏச்சு. நின்னு கேட்டோம்."

"கஷ்டமா இருந்திருக்குமே?"

"இல்ல சார். நாலு நாளா அந்தப் பிள்ள யார ஏசன்னு தெரியாமலே சுத்திட்டு இருந்திருக்கு. ஏசுதுக்கு ஒரு ஆளு கெடச்சதும் அதுக்கும் ஆறிச்சு, எங்களுக்கும் ஆறிச்சு."

வருத்தப்படுவது யார் சார் என்று இசக்கி கேட்டதும், நான் அதைக் கேலியாக்கியதும் அப்போது ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எதையும் விளக்காமல் கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன். ஐ ஸ்ட்ரக் அவுட் தி நேம், பெயரை நான் அடித்தேன். பாஸிவுக்கு மாற்றுங்கள் என்றேன்.

இசக்கிக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. "தி நேம் வாஸ் ஸ்ட்ரக் அவுட்."

எழுதினேன். சரியான விடை. எனக்கும் அதோடு நிறுத்திக்கொண்டால் நன்றாகத்தான் இருந்திருக்கும். டஸ்டரைக்கூட எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

முதல் பெஞ்சிலிருந்து செல்லத்தாய், "யாரு அடிச்சதுன்னு வரலியே சார்" என்றார்.

மூன்று மாதமாக ஒரு பெயரும் எழுதாதவர். குரலில் கேலி இல்லை, பாடத்தில் ஒன்று விட்டுப்போனதைச் சொல்கிற குரல்தான். இருபது தலைகளும் என் பக்கம் திரும்பின. டஸ்டரை வைத்துவிட்டு, மிச்சத்தையும் எழுதினேன். பை மீ. பிறகு சிஸ்டர் பெயரைச் சொல்லாமல், செல்லத்தாயிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நடந்ததை அவர்களுக்கு முழுக்கச் சொன்னேன். ஒருவர் நான்கு வரி சரியாக எழுதி அனுப்பினார், நான் ஏன் என்று கேட்காமல் திருத்தினேன், அதனால் அவர் வேலை போக இருந்தது.

பிறகு இசக்கி எழுந்தார். காதைச் சொறிந்தார். அட்டை வைத்து அடைத்த ஜன்னலைக் காட்டினார்.

"சார், அந்தக் கண்ணாடி... பை இசக்கி."

அப்போது எழுந்த சிரிப்பில் கீழே சங்கத்து ஆபீஸிலிருந்து ஆள் ஏறி வந்துவிட்டார். செல்லத்தாய் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பத்து நாளாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாஸிவ் வாய்ஸைத் தாராளமாக நடத்துங்கள், அதன் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ரயில் அறிவிப்பிலிருந்தே தொடங்குங்கள். யாராவது தாளை நீட்டினால் மட்டும், பேனாவைத் திறப்பதற்கு முன்னால், இதை ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேளுங்கள். எட்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால் அதில் ஏழு நிமிடம் அதற்கே போகட்டும்.

அடுத்த வாரம் இசக்கி கண்ணாடி வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டினார். கிழக்கு ஜன்னலில் மற்ற மூன்றும் மங்கல், அது ஒன்றுதான் பளிச்சென்று இருக்கும். நீங்கள் பாடம் நடத்தும்போது காலை வெயில் அது வழியாகத்தான் கரும்பலகையில் விழும். யார் மாட்டியது என்று யாராவது கேட்டால், பெயரைச் சொல்லுங்கள்.